முதல் இழுப்பு

எங்கள் வீட்டில் இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. ஒன்று என் மாமனாருடைய அப்பா காலத்தது. இன்னொன்று என் வீட்டுக்காரர் வேல்பாண்டி செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, நச்சரித்து நச்சரித்து வாங்க வைத்தது. பழையதால் ஒரு மனிதரும் செத்ததில்லை. புதியது எங்கள் வீட்டுக்கு வந்து செய்த முதல் காரியமே என் வீட்டுக்காரரைக் கொன்றதுதான். விசையை இழுத்தவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன் தங்கப்பாண்டியன்.

நான் கண்ணால் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கொலை வழக்கு நடந்தபோது நான்தான் முதல் சாட்சி. அந்த மனிதர் சாகும்வரை ஜெயிலில் கிடக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதைச் சொன்னால் அது கொலையே இல்லை என்று ஆகிவிடும். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு கூண்டை விட்டு இறங்குவதா என்று யோசித்தே எனக்குப் பாதி உயிர் போயிற்று.

அந்த விஷயம் விளங்க வேண்டுமானால், நான் வாக்கப்பட்டுப் போன கிறுக்குக் குடும்பத்தின் வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும்.

சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு மாந்தோப்பும் தென்னையும், ஊடே கொஞ்சம் கிழங்கும் உண்டு. பன்றி வரும், கரடி வரும், சில வருடம் யானையும் இறங்கும். அதைக் காரணம் காட்டி வாங்கிய லைசென்ஸ். ரிவால்வரை வைத்துக்கொண்டு யானையை என்ன செய்ய முடியும்? அதற்குக் காது குடைந்துவிடலாம். உண்மையில் அது கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் இடுப்பில் செருகிப் போகத்தான். என் மாமனாருக்குப் பிறகு லைசென்ஸ் மூத்தவர் தங்கப்பாண்டியன் பெயருக்கு மாறியது.

பழையது வெள்ளைக்காரன் காலத்து வெப்லி. மேலே ஒரு கொக்கியைத் தள்ளினால் நடுவில் ஒடிந்து குனியும். உருளையில் ஆறு ஓட்டைகள். எங்கள் வீட்டில் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள். குதிரை என்று சொல்லும் அடிக்கிற இரும்புக்குப் பீச்சாங்கைப் பக்கத்து ஓட்டையைக் காலியாக விட்டுவிடுவார்கள். விசையை இழுத்தால் உருளை சோத்தாங்கைப் பக்கமாக ஒரு ஓட்டை அளவு சுற்றும். காலி ஓட்டை குதிரைக்கு நேரே வந்து நிற்கும். 'டக்' என்று சத்தம் மட்டும் வரும். குண்டு இரண்டாவது இழுப்பில்தான்.

இதை ஏற்படுத்தியவர் மாமனாருடைய அப்பா. மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆளாம். 'கோவத்துக்கு மொதல்ல ஒண்ணு குடுத்துரணும்லே, அது காலியாப் போயிரணும்' என்பாராம். அதோடு இன்னொரு சட்டமும் போட்டார். இடுப்பில் கட்டுகிறவன் தோட்டா போடக் கூடாது, வீட்டில் வேறொருவன்தான் போட வேண்டும். அப்படி மாமனார் காலத்தில் மூத்தவர் போட்டார். மூத்தவர் காலத்தில் என் வீட்டுக்காரர் போட்டார். லைசென்ஸ் இல்லாதவர் தொடக் கூடாது என்பது சர்க்கார் சட்டம். அது தோப்பு வாசலோடு நின்றுவிடும்.

நல்ல எண்ணத்தில் ஏற்படுத்திய வழக்கம், போகப் போகக் கூத்தாகிவிட்டது. அண்ணன் தம்பிக்குள் வாய்ச்சண்டை முற்றினால் மூத்தவர் ரிவால்வரை எடுப்பார். என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டுவார். மூத்தவர் இழுப்பார். டக். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். சண்டை தீர்ந்தது, காபி போடு என்று அர்த்தம். கல்யாணமாகிப் போன புதிதில் இதைப் பார்த்து, வடித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையைக் கீழே போட்டுவிட்டு நான் அலறினேன். வீடே சிரித்தது. "ஏட்டி, மொத இழுப்பு காலிட்டி" என்று மூத்தவர் மனைவி வெங்கடேஸ்வரி அக்கா என் முதுகைத் தடவினாள். அப்புறம் எனக்கும் பழகிவிட்டது. எதுதான் பழகாமல் போகிறது.

பழையதற்குத் தோட்டா கிடைப்பதில்லை. இருந்த நாலைந்தும் பச்சை பிடித்துக் கிடந்தன. போன மழைக்காலத்தில் ஒரு கரடி தோப்புக்குள் வந்து நின்றபோது மூத்தவர் விசையை விடாமல் இழுத்தார். ஒன்றும் வெடிக்கவில்லை. கரடிக்கே அவரைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும், திரும்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் புதுசு வாங்கணும் என்று பிடித்துக்கொண்டார். ஒரு லைசென்ஸில் இரண்டு வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் எடுத்துச் சொன்னார். மதுரைக்கு இரண்டு பேரும் போய் வாங்கி வந்தார்கள்.

வாங்கி வந்த அன்று தோப்பில் கயிற்றுக் கட்டிலில் துண்டை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பழையது கறுப்பெல்லாம் தேய்ந்து விளிம்பில் வெள்ளை தெரிந்தது. புதியது ஷோரூம் பைக் போலப் பளபளத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

"எடையைப் பாருங்கண்ணே. பழசு நாள்பூராக் கெடந்தா இடுப்பெலும்பு புண்ணாயிரும். இது இருக்கதே தெரியாது" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருக்கது தெரியாட்டி எதுக்குலே கட்டிக்கிட்டு அலையணும்?"

"பழசுக்கு வெசையை இழுக்கதுக்குள்ள வெரல் வலி எடுத்துரும். இது பூ மாதிரி. கை தவறிக் கீழ விழுந்தாலும் இது வெடிக்காது. உள்ள ஒரு தடுப்பு வச்சிருக்கான். ஒங்க வெப்லியைக் கீழ போட்டுப் பாருங்க, தெரியும்."

மூத்தவர் பழையதை ஒடித்துக் காட்டினார். "இப்படிக் குனிஞ்சுச்சுன்னா வெந்த தோட்டா அம்புட்டையும் தானே துப்பிரும். ஒன் புதுசு உருளையைக் கன்னத்துப் பக்கமாத் தொறந்துக்கிட்டு நிக்குது, நாமதான் தட்டி எடுக்கணும்."

"தட்டுனா வந்துட்டுப் போகுது. தோட்டா கடையில கெடைக்கிதுல்லா? அதைச் சொல்லுங்க."

மூத்தவர் பழையதைத் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். எடை, விசை, பிடி, தோட்டா, கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பது வரை என் வீட்டுக்காரர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். அவ்வளவு பார்த்தவர் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு நேரமும் கிடைக்கவில்லை. தேர்தல் வந்துவிட்டது. தேர்தல் என்றால் லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் அன்று இடுப்பு வெறுமையாகி, நோன்பு இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அலைவார்கள். மூத்தவர் இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தார். ஓட்டு எண்ணி எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் போய்த் திருப்பி வாங்கி வந்தார். புதியதில் வீட்டில் வைத்துத் தோட்டா போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. வழக்கம்போல என் வீட்டுக்காரர் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். பீச்சாங்கைப் பக்கத்தில் ஒன்றைக் காலியாக விட்டு, ஐந்தைப் போட்டு, மூடி அண்ணன் கையில் கொடுத்தார்.

அன்று மத்தியானமே சண்டை வந்தது.

பன்றித் தொல்லை தாங்காமல் என் வீட்டுக்காரர் தோப்பு வேலிக் கம்பியில் திருட்டுக் கரண்ட் கொடுத்திருந்தார். அதற்கு முந்தின நாள் பக்கத்துக்காட்டு ஆடு ஒன்று அதில் ஒட்டிச் செத்துப்போயிருந்தது. மூத்தவர் கம்பியைக் கழற்றச் சொன்னார். இவர் முடியாது என்றார்.

"இன்னைக்கு ஆடு. நாளைக்கு ஒரு மனுசன் உசிரு போச்சுன்னா யாருலே பதில் சொல்லுவா?" என்று மூத்தவர் கத்தினார்.

"பன்னி தின்ன கிழங்குக்கு யாரு பதில் சொல்லுதா? நீங்க சொல்லுதீகளா?"

"கழட்டுதியா இல்லையாலே?"

"கழட்ட மாட்டேன். என்ன செய்வீக?"

மூத்தவர் இடுப்பிலிருந்து எடுத்தார். என் வீட்டுக்காரர் சட்டையைத் திறந்தார். அவர் முகத்தில் கோபம் பாதி, சிரிப்பு பாதி. "இழுங்கண்ணே. இழுத்துட்டு வந்து பேசுங்க" என்றார். வெங்கடேஸ்வரி அக்கா அடுப்படியில் பால் பாத்திரத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. காபிக்குத்தான். நானும் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன், டம்ளர் கழுவ.

வெடித்தது.

என் வீட்டுக்காரர் விழுந்தார். அவர் முகத்தில் வலியை விட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நின்றோம். மூத்தவர் ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடையதோ போல. அப்புறம்தான் கத்தினார். தம்பியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினார். ராஜபாளையம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போலீஸ் வந்து கேட்டபோது மூத்தவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "சுட்டது நான். எழுதிக்கோங்க." அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

நான் மகள் பாண்டிசெல்வியைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் என் அண்ணன் காசிராஜன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் போலீஸில் ஏட்டு. நான் போலீஸில் வாக்குமூலம் கொடுத்தபோதும் கூடவே இருந்தான். நீட்டினார், இழுத்தார், வெடித்தது. அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கு எனக்கும் அவ்வளவுதான் தெரியும். காலியாக வர வேண்டியது எப்படி வெடித்தது என்று விளங்கவில்லை. காலி இடத்தில் அவரே ஒன்றைப் போட்டிருப்பார், வேண்டுமென்றே கொன்றிருப்பார் என்றுதான் நினைத்தேன். வயிறு எரிந்து அவரைச் சபித்தேன்.

விளங்கியது வெகுநாள் கழித்து. என் வீட்டுக்காரரின் செல்போனை எடுத்து, அவர் ஓயாமல் பார்த்த வீடியோக்களை நானும் பார்க்க ஆரம்பித்தேன். அவர் குரல் இல்லாத வீட்டில் அந்தச் சத்தமாவது கேட்கட்டும் என்றுதான். ஒன்றில் ஒரு வெள்ளைக்காரன் பழைய ரிவால்வரையும் புதிய ரிவால்வரையும் மேசையில் வைத்து ஒப்பிடுகிறான். அவன் பேசுவது எனக்குப் புரியவில்லை. ஆனால் தோட்டா இல்லாமல் பழையதை இழுத்துக் காட்டினான், உருளை சோத்தாங்கைப் பக்கம் சுற்றியது. புதியதை இழுத்துக் காட்டினான். அது பீச்சாங்கைப் பக்கம் சுற்றியது. எங்கள் வீட்டுக்கு வந்த புதியதும் அச்சில் வார்த்த மாதிரி அதே வகை.

நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பீச்சாங்கைப் பக்கத்துக் காலியை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்துத் தோட்டா முதலில் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் போட்ட தோட்டா. இந்த வீடியோவை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்! கண்ணுக்கு நேரே சுற்றியிருக்கிறது. அன்று நான் அழுத அழுகை அவர் செத்த அன்றுகூட அழவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

"ஏட்டி மாரி, நீ கண்ணால பாத்ததை மட்டும் சொல்லு. எது எந்தப் பக்கம் சுத்துச்சுன்னு ஒன்னை யாராவது கேட்டாவளா?"

"கேக்கலண்ணே. ஆனா அவிய கொல்லணும்னு இழுக்கல."

"ஒன் புருசன் நெஞ்சுல ஓட்டை போட்டவனுக்கு நீ என்ன வக்கீலா? தோட்டா போட்டது மாப்பிள்ளைதான்னு நீ சொன்னா, ஊரு என்ன சொல்லும்? தனக்குத் தானே குழி தோண்டுன மடையன்னு சொல்லும். அதைக் கேட்டுக்கிட்டு ஒன் மக வளரணுமா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. நானும் அப்படியே இருந்துவிட்டிருப்பேன். ஒன்று மட்டும் இடித்தது. மூத்தவர் ஏன் இதைச் சொல்லவில்லை? அவருக்கும் இதற்குள் விளங்கியிருக்கும். 'தம்பிதான் தோட்டா போட்டான், முதல் இழுப்பு காலி என்று நினைத்து இழுத்தேன்' என்று சொன்னால் போதும். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொன்னால், செத்தவன் மேல் பழியைப் போடுகிறான் பார் என்று அவரை இன்னும் நன்றாக வெறுக்கலாம். அவர் எனக்கு அந்த வசதியைக் கூடக் கொடுக்கவில்லை.

சாட்சி சொல்லும் நாளில் கோர்ட் வாசலில் வெங்கடேஸ்வரி அக்கா நின்றிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். கடந்து போன நான் நின்று திரும்பினேன்.

"அவிய ஏன்க்கா வக்கீல்ட்டகூட வாயைத் தொறக்க மாட்டேங்காவ?"

"என்னையும் தொறக்க விடல. மீறிச் சொன்னா ஜெயிலுக்குள்ளயே நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் செத்துருவேன்னு சொல்லிட்டாவ." அதற்கு மேல் அக்கா எதுவும் கேட்கவில்லை. நீயாவது சொல்லேன் என்று ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால்கூட, போடி என்று சொல்லிவிட்டு என் வழியே போயிருப்பேன்.

கூண்டில் ஏறினேன். சர்க்கார் வக்கீல் கேட்டார், சொன்னேன். நீட்டினார், இழுத்தார், வெடித்தது. மூத்தவருடைய வக்கீல் எட்வின் எழுந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கட்சிக்காரர் ஒன்றும் சொல்லாததால் கையில் சரக்கில்லை. துடைக்கும்போது கை தவறி வெடித்தது என்று ஒரு கதையைக் கட்டி, சரிதானே என்று கேட்டார். இல்லை என்றேன். தம்பி பிடுங்க வந்தபோது வெடித்தது என்று இன்னொரு கதை. அதுவும் இல்லை என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

இறங்கலாம் என்றார்கள். நான் எதிரே பார்த்தேன். மூத்தவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதருடைய கழுத்து எலும்பு தெரிந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கெட்டவனாகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா?

"அம்மா, இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்றேன் ஜட்ஜம்மாவைப் பார்த்து.

சொன்னேன். தாத்தா காலத்து வழக்கம், காலி ஓட்டை, யார் தோட்டா போடுவது, அன்று யார் போட்டது, எந்தப் பக்கம் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த என் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். மூத்தவர் "ஐயோ, வேணாம்மா" என்றார். கைது ஆன பிறகு அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாய்தாவில் பழையதையும் வரவழைத்தார்கள். ஜட்ஜம்மா மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. துப்பாக்கி நிபுணர் ஒருவர் இரண்டையும் காலியாக வைத்து இழுத்துக் காட்டினார். பழையது சோத்தாங்கைப் பக்கம். புதியது பீச்சாங்கைப் பக்கம். "இது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்மா, இதில் குறை எதுவும் இல்லை" என்றார். எந்த ஓட்டையைக் காலியாக விடுவீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளைச் சாக்பீஸால் நான் குறி வைத்தேன். பழையதை இழுத்தார், குறி மேலே வந்து குதிரைக்கு நேரே நின்றது. புதியதை இழுத்தார், குறி கீழே போனது. எட்வின் சார் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் செத்த நேரம் இறங்கினாற்போல இருந்தது. அவர் பிழைத்துவிடுவார் என்று நினைத்தேன். பிழைக்கட்டும் என்றும் நினைத்தேன்.

கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்கும் முறை வந்தது. ஜட்ஜம்மா பொறுமையாக, பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டார். "முதல் சாட்சி சொன்னது உங்களுக்குத் தெரியும். தோட்டா போட்டது உங்கள் தம்பி. முதல் இழுப்பு காலி என்று நம்பி நீங்கள் இழுத்தீர்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

மூத்தவர் நிமிர்ந்தார்.

"பொய்ங்கம்மா. அப்படி ஒரு வழக்கமே எங்க வீட்ல கெடையாது. தோட்டா போட்டது நான்தான். அது எந்தப் பக்கம் சுத்தும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சுட்டேன். அந்தப் புள்ள எதுக்கு இப்படிச் சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது."

எட்வின் சார் கையிலிருந்த பேனாவை மேசையில் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஊர் தன் வேலையைப் பார்த்தது. கொண்டவனைக் கொன்றவனுக்காக ஒருத்தி கோர்ட்டில் ஏன் பொய் சொல்ல வேண்டும்? கேள்வியையும் அவர்களே கேட்டுக்கொண்டார்கள், பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அண்ணன் தம்பிச் சண்டை வேலிக் கம்பிக்காக இல்லையாம். அது என்னைப் பற்றிய சண்டையாம். சேத்தூரில் கிளம்பிய பேச்சு பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினான். மதினி என் தட்டைத் தனியாக வைத்தாள். ஒருநாள் பாண்டிசெல்வி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"அம்மா, பெரியப்பாவைக் காப்பாத்ததுக்காக அப்பா மேல பொய் சொன்னியா?"

இல்லடி தங்கம் என்று சொல்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் என் பக்கத்தில் படுப்பதில்லை.

தீர்ப்பு சொன்ன நாளில் யாரும் கூட வராமல் நான் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஆயுள் தண்டனை. முதல் சாட்சி போலீஸில் சொல்லாததைக் கோர்ட்டில் புதிதாகச் சொல்லியிருக்கிறார், அதைக் குற்றம் சாட்டப்பட்டவரே மறுத்துவிட்டார், ஆகவே அந்தப் பகுதியை நம்ப முடியாது என்று வாசித்தார்கள். என் பெயரைச் சொல்லியே வாசித்தார்கள்.

வெளியே வேன் அருகில் மூத்தவரை நிறுத்தியிருந்தார்கள். வெங்கடேஸ்வரி அக்கா மரத்தடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கூட நின்ற போலீஸ்காரர் இரக்கப்பட்டவர், நான் கிட்டே போனதைத் தடுக்கவில்லை.

"ஏன் அத்தான் அப்படிச் சொன்னீக?" என்றேன்.

அவர் முகம் தெளிவாக இருந்தது. ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தவர் முகம். "வேற என்னம்மா சொல்லச் சொல்லுத? தோட்டாவைத் தப்பாப் போட்டுத் தானே செத்தான்னு காலத்துக்கும் என் தம்பியைப் பேசுவானுவ. காலின்னு நெனச்சா என்ன, நெறஞ்சதுன்னு நெனச்சா என்ன, அவன் நெஞ்சுக்கு நேரா நீட்டுனது என் கைதானம்மா. அவன் பேராவது சுத்தமா இருந்துட்டுப் போகட்டும்."

"அவிய பேரு சுத்தமாத்தான் இருக்கு. என் பேரு அத்தான்?"

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். நடுரோட்டில் நின்று, கூடப்பிறந்தவனைப் போல நினைத்த மனிதரிடம், அவரையும் என்னையும் சேர்த்து ஊர் என்ன பேசுகிறது என்பதை என் வாயாலேயே சொன்னேன். மகள் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அவர் முகத்திலிருந்த தெளிவு அப்படியே வடிந்தது. இத்தனை மாதமாக யோசித்தவர் இதை மட்டும் யோசிக்கவே இல்லை. ஜெயிலுக்குள் யார் போய் இதைச் சொல்லியிருப்பார்கள்?

சட்டென்று போலீஸ்காரர் பக்கம் திரும்பினார். "சார், செத்த நேரம் சார். நான் ஜட்ஜம்மாவைப் பாக்கணும். ஒண்ணு மாத்திச் சொல்லணும் சார்."

"எல்லாம் முடிஞ்சு போச்சு பெரியவரே. இனி அப்பீல்ல பாத்துக்கோங்க. ஏறுங்க."

"இல்ல சார், அந்தப் புள்ள சொன்னதுதான் நெசம். நான்தான் பொய் சொன்னேன். ஒரு நிமிசம் சார்."

ஏற்றிவிட்டார்கள். வேன் நகர்ந்தது. ஜன்னல் வலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு அவர் கத்தினார். "மாரி சொன்னதுதான் நெசம்! ஏலே, எல்லாரும் கேளுங்க, மாரி பொய் சொல்லல! மாரி நல்ல புள்ளலே!"

எதிர்ப்புறம் டீக்கடையில் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் தீர்ப்புக் கேட்க வந்து நின்றிருந்தார்கள். அவர் என் பெயரைச் சொல்லிக் கத்தக் கத்த, அவர்கள் வேனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவன் பக்கத்தில் நின்றவனை முழங்கையால் இடித்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.